ஜவ்வு விலகலும் இயன்முறை மருத்துவமும்

(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வேலூர்க் கோட்டைக்கு அண்மையில் நீண்டு செல்லும் லாங் பஜாரை அறியாதார் இவ்வட்டாரத்தில் இலர். பொழுது புலருமுன்பே அங்கே சரக்கு லாரிகள் வந்து நிற்கும். அரிசியும் பருப்பும் வெல்லமும் காய்கறியும் மூட்டை மூட்டையாக இறங்கும். அவற்றை முதுகிலும் தலையிலும் தாங்கிக் கடைக்குக் கொண்டு சேர்ப்பவர் ஒரு திறத்தார். கடை திறந்தது முதல் இரவு பூட்டும் வரையில் கல்லாவில் அமர்ந்து கணக்குப் பார்ப்பவர் மற்றொரு திறத்தார். ஒருவர் முதுகு சுமந்து வருந்துகிறது. மற்றவர் முதுகு அமர்ந்தே வருந்துகிறது. ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளில் தையல் எந்திரத்தின்மீது நாள் முழுதும் குனிந்திருக்கும் பெண்களும், இராணிப்பேட்டையில் நனைந்த தோல்களைத் தூக்கிப் போடுவோரும், ஆரணி, வந்தவாசிப் பக்கத்து வயல்களில் நாற்று நடுவோரும் இவர்களோடு சேர்ந்தவர்களே.

இத்தனை பேரும் ஒருநாள் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு மருத்துவரின் வாயிலில் வந்து நிற்கின்றனர். "இடுப்பில் ஜவ்வு விலகிவிட்டதாம்" என்பதே அச்சொல். அதனைக் கேட்ட மாத்திரத்தில் வீடே கலங்கிப் போகிறது. இனி எழுந்து நடக்க இயலுமா, கடையை யார் பார்ப்பது, அறுவை செய்தால் கால் போய்விடுமா என்று ஆளுக்கொரு கேள்வி எழுகிறது. அக்கேள்விகளுக்கு அறிந்தவரை விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காண்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்பன அவை. முதுகு வலிக்கும் இப்பகுப்பு மிகப் பொருந்தும். ஆதலின் அந்நான்கையும் வரிசையாகக் காண்போம். அதற்கு முன், நோய் இன்னதென்று தெளிதல் வேண்டும்.

விலகுவது எது?

மனிதனின் முதுகுத்தண்டு 33 முள்ளெலும்புகளால் ஆனது. கீழ்க்கோடியில் உள்ளவை வளர்ச்சிக்குப்பின் ஒன்றோடொன்று இணைந்துவிடுவதால் 24 எலும்புகளே தனித்தனியே அசைவன. அவ்வெலும்புகளின் இடையே மெத்தைபோல் அமைந்த 23 வட்டுகள் உள்ளன. மக்கள் வழக்கில் 'ஜவ்வு' என்றும் 'டிஸ்க்' என்றும் வழங்குவது இதுவே. நுங்கினை நினைத்துக்கொண்டால் இதன் அமைப்பு எளிதில் விளங்கும். உள்ளே நீர் நிறைந்த மெல்லிய கூழ்ப்பகுதி இருக்கிறது. அதனைச் சுற்றி உறுதியான நார் வளையம் பல அடுக்குகளாகப் பின்னிக் கிடக்கிறது.

வயது ஏற ஏற உள்ளிருக்கும் நீர் குறைகிறது. நார் வளையத்தில் சிறு வெடிப்புகள் தோன்றுகின்றன. ஒருநாள் குனிந்து திரும்பிச் சுமை தூக்கும்போது, சிலவேளை வெறுமனே தும்மும்போதும், கூழ்ப்பகுதி அவ்வெடிப்பின் வழியே பின்புறம் பிதுங்குகிறது. அவ்விடத்தில் காலுக்குச் செல்லும் நரம்பின் வேர் இருக்குமாயின் அதனை அழுத்துகிறது, அழற்சியையும் உண்டாக்குகிறது. இவ்வாறு பிதுங்கும் இடம் பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு வட்டுகளே. அங்கிருந்து புறப்படும் வேர்கள் கூடி உருவாவதே சயாட்டிகா நரம்பு. உடலிலேயே தடித்த நரம்பு அது. நோய் இடுப்பில் இருந்தும் பிட்டம், பின்தொடை, கெண்டைக்கால், பாதம் என வலி கீழிறங்கி ஓடுவதன் காரணம் இதுவே.

எனவே 'விலகல்' என்னும் சொல்லே சற்றுப் பிழையானது. வட்டு இடம்பெயர்ந்து நழுவுவதில்லை. மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு அது இறுகப் பிணைந்திருக்கிறது. அதன் ஒரு பகுதி பிதுங்குகிறது, அவ்வளவே. இச்சொற்பிழையால் விளையும் தீங்கு பெரிது. விலகியதைப் பழைய இடத்திற்குத் தள்ளிவிடலாம் என்றெண்ணி, முதுகில் ஏறி மிதிக்கச் செய்வோரும் இடுப்பைச் 'சடக்' கென்று முறுக்கச் செய்வோரும் இன்றும் உளர். நரம்பு அழுத்தப்பட்டிருக்கும் வேளையில் அது பேரிடரில் முடியக்கூடும்.

காலில் ஓடும் இவ்வலிக்கும் பிதுங்கிய வட்டுக்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் தெளிவாக உணர்ந்தது 1934ஆம் ஆண்டில்தான். அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்னும் இரு மருத்துவர்கள் அதனை அவ்வாண்டில் எழுதி வெளியிட்டனர். அதன்பின் பல்லாண்டுகள் இந்நோய்க்கு அறுவையும் நீண்ட படுக்கையுமே வழி என்ற எண்ணம் ஓங்கியிருந்தது. அவ்வெண்ணம் இன்று பெரிதும் மாறிவிட்டது. ஆயினும் அம்மாற்றம் இன்னும் பல வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

நோயுற்றவர்

நாற்பது வயதைக் கடந்த ஒரு கடைக்காரரை எண்ணிப் பார்ப்போம். சுமை தூக்குபவர் வரக் காலம் தாழ்த்திய ஒரு காலையில், வாடிக்கையாளர் காத்திருக்கிறாரே என்று தாமே ஒரு மூட்டையைக் குனிந்து இழுக்கிறார். இடுப்பில் மின்னல் வெட்டியதுபோல் ஒரு வலி. மறுநாள் அவ்வலி இடக்காலில் இறங்குகிறது. இருமினால் காலில் தெறிக்கிறது. அமர்ந்தால் பொறுக்க இயலவில்லை; நின்றால் சிறிது தாழ்கிறது. முப்பது முதல் ஐம்பது வயதிற்குட்பட்டோர்க்கே, அதாவது குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயதினர்க்கே, இந்நோய் மிகுதியாக வருகிறது என்பது இதன் கொடுமை.

அவர் முதலில் தேடுவது ஒரு படம். எம்.ஆர்.ஐ. எடுத்து, அதில் எழுதியிருப்பதைப் படித்து, பாதி உயிர் போனதுபோல் ஆகிறார். இங்கே ஓர் உண்மையை அவர் அறிய வேண்டும். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைப் பற்றிய 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015ஆம் ஆண்டில் ஒரு முடிவு வெளியாயிற்று. வலி சிறிதும் இல்லாத இருபது வயதினருள் 30 விழுக்காட்டினர்க்கு வட்டு பிதுங்கியிருந்தது. எண்பது வயதினருள் அது 84 விழுக்காடு. தலைமுடி நரைப்பது போன்றே வட்டும் முதுமை அடைகிறது. ஆகவே படத்தில் காண்பது எல்லாம் நோயாகாது. படமும், வலி ஓடும் தடமும், மருத்துவர் தம் கையால் சோதித்து அறிவதும் ஒத்துப்போதல் வேண்டும்.

அச்சோதனைகள் எளியவை. மல்லாந்து படுத்தவரின் காலை முழங்கால் மடங்காமல் உயர்த்திப் பார்ப்பார்கள். பாதி உயரும் முன்பே வலி காலில் ஓடினால் நரம்பு வேர் அழுத்தம் பெறுகிறது என்று கொள்வார்கள். கால் பெருவிரலை மேல்நோக்கி நிமிர்த்தச் சொல்வார்கள். குதிகாலால் நடக்கச் சொல்வார்கள். முன்பாதத்தால் எக்கி நிற்கச் சொல்வார்கள். எந்த அசைவில் வலிமை குறைகிறதோ அதனைக் கொண்டு எந்த நரம்பு வேர் வருந்துகிறது என்று அறிவார்கள். நீரிழிவு உடையோர்க்குப் பாதம் மரத்துப்போதல் வேறு காரணத்தாலும் நேரும். ஆதலின் அவர்கள் தம் நீரிழிவைப் பற்றி மருத்துவரிடம் முதலிலேயே கூறுதல் நலம்.

நோயுற்றவர் ஒருபோதும் மறைக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. சிறுநீர் அடைத்துக்கொள்வது, அல்லது தன்னை அறியாமல் கழிவது. மலம் அடக்க இயலாமை. இரு தொடைகளின் உட்புறமும் பிறப்புறுப்பின் சுற்றுப்புறமும் உணர்வற்றுப் போதல். இரு கால்களும் தளர்தல். பாதம் தூக்க இயலாமல் தொங்கிப்போதல். இவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே, அந்நேரமே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தண்டின் அடியில் குதிரைவால் போல் பிரிந்து செல்லும் நரம்புத் தொகுதி நசுங்குவதன் அடையாளம் இது. நாள் கடந்தால் அறுவை செய்தும் இழந்தது மீளாமற் போகலாம். காய்ச்சலுடன் கூடிய முதுகுவலி, காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் கண்டவர்க்கு வரும் புதிய வலி, இரவிலும் ஓயாத வலி ஆகியனவும் உடனே ஆராயத் தக்கவை.

தாய்மார்களுக்கு இங்கே தனியாக ஒரு சொல் கூறுதல் வேண்டும். சிறுநீர் பற்றியும் மறைவிட உணர்வு பற்றியும் பேச நாணி, கணவரிடமும் மகனிடமும் கூறாது நாட்களைக் கடத்தும் பெண்கள் பலர். அந்நாணத்தின் விலை வாழ்நாள் முழுதும் கொடுக்கும் விலையாகிவிடும். வீட்டிலுள்ள மற்றொரு பெண்ணிடமேனும் அன்றே கூறிவிடுதல் வேண்டும். கேட்பவரும் அதனைச் சிறு செய்தியாக எண்ணாது உடனே வண்டி அழைத்தல் வேண்டும்.

நோய் தீர்ப்பவர்

இம்முதுகெலும்பின் துன்பத்திற்கும் வேலூருக்கும் பெருமைக்குரிய ஒரு தொடர்பு உண்டு. லாங் பஜாரிலிருந்து சிறிது தொலைவில் உள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று பணியாற்றியவர் மருத்துவர் மேரி வர்கீஸ். 1925ஆம் ஆண்டு கேரளத்தில் பிறந்தவர். இளம் மருத்துவராக இருந்த காலத்தில், 1954ஆம் ஆண்டு, அவர் சென்ற வண்டி கவிழ்ந்தது. முகம் சிதைந்தது, தண்டுவடம் அடிபட்டு இரு கால்களும் செயலற்றன. மருத்துவ வாழ்வு முடிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர்.

கொல்லிமலையில் பிறந்து, தொழுநோயாளரின் மடங்கிய கைகளைச் சீர்செய்யும் அறுவையில் வேலூரில் புகழ்பெற்று விளங்கிய பால் பிராண்டு என்னும் மருத்துவர், அமர்ந்துகொண்டே அறுவை செய்யலாமே என்று அவரை ஊக்கினார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மேரி வர்கீஸ் பிறர் கைகளுக்கு உயிரூட்டினார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமே பயிற்சி பெற்று, நியூயார்க் நகரில் ஹோவர்டு ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அத்துறையைத் தலைமை ஏற்று நடத்தினார். 1966ஆம் ஆண்டு பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பெற்றது. இந்தியாவில் இத்தகைய நிலையங்களுள் முன்னோடியானது அது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986இல் அவர் மறைந்தார்.

மேரி வர்கீஸ் உற்றது தண்டுவடக் காயம். ஜவ்வு விலகல் அதனினும் மிகச் சிறிய துன்பம். ஆயினும் அவர் வாழ்வு உணர்த்தும் உண்மை இரண்டிற்கும் பொது. எஞ்சியிருக்கும் ஆற்றலைக் கண்டு அதனை நாள்தோறும் வளர்ப்பதே மறுவாழ்வு. கால்கள் அசையாத ஒருவர் எழுந்து அமர்ந்து ஒரு துறையையே உருவாக்கிய ஊரில், கால் வலிக்கிறதென்று மூன்று திங்கள் படுக்கையிலேயே கிடப்பது பொருந்துமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இயன்முறை மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்டு, பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, மருத்துவமனையில் பயிற்சி முடித்தவராக இருத்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டின் தேசியச் சட்டம் ஒன்று இத்தொழிலையும் தன் வரம்பிற்குள் கொண்டுவந்துள்ளது. எனவே பட்டம் என்ன, எங்கே பயின்றார் என்று கேட்பதில் தவறில்லை. நல்ல இயன்முறை மருத்துவர் முதல் நாளிலேயே கட்டிலில் படுக்க வைத்துக் கருவியைப் பொருத்திவிட்டுச் செல்ல மாட்டார். எந்த அசைவில் வலி கூடுகிறது, எதில் தணிகிறது, என்ன தொழில், எவ்வளவு நேரம் அமர்கிறார், எப்படி உறங்குகிறார் என்று கேட்பார். குனியச் செய்தும் நிமிரச் செய்தும் பார்ப்பார். அவ்வுரையாடலே மருத்துவத்தின் பாதி.

மின்சிகிச்சை, ஒத்தடம், இடுப்பை இழுத்துக் கட்டும் டிராக்ஷன் போன்றவை குறித்து ஒரு சொல். வெப்பமும் மின்னதிர்வும் சிறிது நேரம் வலியைத் தணிக்கும். அந்நேரத்தில் உடற்பயிற்சி செய்ய உதவும். அவை தாமே நோயைத் தீர்ப்பதில்லை. டிராக்ஷனால் நிலைத்த பயன் உண்டு என்பதை ஆய்வுகள் நிறுவவில்லை. இடுப்புப் பட்டையும் வலி மிகுந்த சில நாட்களுக்கே உரியது. அதனை ஆண்டு முழுதும் கட்டிக்கொண்டால் இடுப்புத் தசைகள் தம் வேலையை மறந்துவிடும்.

மருந்து

இந்நோய்க்கு மாத்திரைகள் உண்டு. அவை வலியைத் தணிக்கும். மருத்துவர் கூறிய நாள் வரை உண்ணலாம். ஆயினும் தலையாய மருந்து அசைவே ஆகும். அதன் காரணத்தை வட்டின் இயல்பிலேயே காணலாம். வளர்ந்த மனிதனின் வட்டினுள் இரத்தக் குழாய்கள் செல்வதில்லை. பஞ்சு நீரை உறிஞ்சுவது போலவே அது தன் உணவைச் சுற்றிலும் உள்ள நீர்மத்திலிருந்து பெறுகிறது. உடல் அசையும்போது வட்டு அழுந்துகிறது, விரிகிறது. அதனால் கழிவு நீங்கி உணவு புகுகிறது. அசையாது கிடந்தால் வட்டு பசித்திருக்கிறது.

படுக்கை பற்றிய ஆய்வுகள் இதனை உறுதி செய்தன. முதுகு வலியுற்ற 203 பேரை ஆராய்ந்து 1986இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரண்டு நாள் படுத்தவரும் ஏழு நாள் படுத்தவரும் ஒன்றுபோலவே குணமடைந்தனர். இரண்டு நாள் படுத்தவர் இழந்த வேலை நாட்கள் 45 விழுக்காடு குறைவு. சயாட்டிகா வலியுற்ற 183 பேரை வைத்து நெதர்லாந்தில் நடந்து 1999இல் வெளியான ஆய்வு இன்னும் நேரானது. இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தோர், இயன்றவரை எழுந்து நடமாடியோர் என்னும் இரு பிரிவினருள்ளும் பன்னிரண்டு வாரங்களின் முடிவில் 87 விழுக்காட்டினர் நலம் கண்டனர். படுத்ததால் கூடுதல் பயன் ஏதும் இல்லை. இன்னொரு வியப்பும் உண்டு. பிதுங்கி வெளிவந்த கூழ்ப்பகுதியை உடலின் காவல் அணுக்களே பல திங்களில் கரைத்து உண்டுவிடுவது பலரிடம் காணப்படுகிறது. காலம் இந்நோயில் பெரும்பாலும் நோயாளியின் பக்கமே நிற்கிறது.

அசைவு எவ்வாறு அமைய வேண்டும்? முதல் ஓரிரு நாட்களில் வலி தணியும் கிடக்கையைத் தேட வேண்டும். மல்லாந்து படுத்துக் கெண்டைக்கால்களை ஒரு நாற்காலியின்மேல் வைக்கலாம். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களின் இடையே தலையணை வைக்கலாம். எழும்போது ஒருபக்கம் புரண்டு, கையை ஊன்றி, கால்களைக் கீழே தொங்கவிட்டு எழ வேண்டும். ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை கூடத்திற்குள்ளேயே சிறிது நடக்க வேண்டும். ஐந்து நிமிட நடை பத்தாகும், பத்து இருபதாகும்.

அடுத்தது திசை அறிந்து செய்யும் பயிற்சி. இதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. 1956ஆம் ஆண்டு நியூசிலாந்தில் ராபின் மெக்கென்சி என்னும் இயன்முறை மருத்துவரிடம் காலில் வலி ஓடும் ஒருவர் வந்தார். அறைக்குச் சென்று கவிழ்ந்து படுக்குமாறு கூறிவிட்டு மெக்கென்சி வேறு வேலையில் ஈடுபட்டார். கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருந்ததை அறியாது, அவரோ அப்படியே கவிழ்ந்து, முதுகு பின்வளைந்த நிலையில் கிடந்தார். சிறிது நேரம் கழித்து வந்து பார்த்த மெக்கென்சி திடுக்கிட்டார். நோயாளியோ, சில வாரங்களாக இல்லாத அளவு நலமாக இருப்பதாகவும் கால் வலி மறைந்ததாகவும் கூறினார். அத்தற்செயலே ஒரு மருத்துவ முறைக்கு வித்தாயிற்று.

அம்முறையின் அடிப்படையை ஒவ்வொருவரும் நினைவில் வைத்தல் நலம். ஒரு பயிற்சியைச் செய்யும்போது காலின் கீழே இருந்த வலி தொடைக்கும், தொடையிலிருந்து இடுப்பிற்கும் ஏறி ஒடுங்குமானால் அப்பயிற்சி ஏற்றது. இடுப்பில் வலி சற்றுக் கூடினும் அஞ்ச வேண்டா. இடுப்பு வலி குறைந்து, காலில் வலி கீழிறங்குமானால் அப்பயிற்சியை உடனே நிறுத்தவேண்டும். பலர்க்குக் கவிழ்ந்து படுத்தலும், பின் முழங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்தலும், பின் உள்ளங்கைகளை ஊன்றி இடுப்பு தரையில் தங்க மேலெழுதலும் பயன் தருகின்றன. பார்ப்பதற்கு இது புஜங்காசனம் போன்றது. ஆயினும் எல்லார்க்கும் ஒரே திசை பொருந்தாது. சிலர்க்கு முன்வளைதலே நலம் தரும். ஆகவே முதலில் இயன்முறை மருத்துவரின் கண்முன் செய்து பார்த்தபின்பே வீட்டில் தொடர வேண்டும். வலி மிகுந்த நாட்களில் பாதத்தைத் தொடக் குனியும் ஆசனங்களும் ஏர்போல் கால்களைத் தலைக்குமேல் கொண்டுசெல்லும் ஆசனமும் தவிர்க்கத் தக்கவை.

வலி தணிந்தபின் மூன்றாம் படி தொடங்குகிறது. வயிற்றின் உட்தசைகளையும் முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகளையும் வலுப்படுத்துவது அது. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாலம்போல் இடுப்பை மட்டும் உயர்த்திச் சில நொடிகள் நிறுத்துவது ஒன்று. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் நீட்டிப் பின் மாற்றிச் செய்வது மற்றொன்று. பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி நிறுத்துவது இன்னொன்று. இவற்றிற்குக் கருவி வேண்டா. ஒரு பாயும் இருபது நிமிடமும் போதும். பலர் பிழைசெய்வது இவ்விடத்திலேதான். வலி போனதும் பயிற்சியும் போய்விடுகிறது. பின் வலி திரும்பி வரும்போது, மருத்துவம் பயன்படவில்லை என்று பழி கூறப்படுகிறது.

பெரும்பாலோர் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் தம் தொழிலுக்குத் திரும்புகின்றனர். திரும்பாதோர்க்கும், தசை வலிமை நாளுக்கு நாள் குறைவோர்க்கும், முன்னர்க் கூறிய அபாய அறிகுறி உடையோர்க்கும் அறுவை உரியது. அறுவையை வெறுத்தொதுக்குவதும் பிழை. 283 பேரைக் கொண்டு நெதர்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், விரைந்து அறுவை செய்துகொண்டவர் விரைவில் வலி நீங்கினர். பொறுத்திருந்து மருத்துவம் பெற்றவருள் 39 விழுக்காட்டினர் பின்னர் அறுவையை நாட நேர்ந்தது. ஓராண்டின் முடிவிலோ இரு பிரிவினரும் ஒரே அளவில், 95 விழுக்காட்டினர், நலமடைந்திருந்தனர். ஆதலின் அபாய அறிகுறி இல்லாதபோது விரைந்து அறுவையா, பொறுத்திருத்தலா என்பது நோயாளி மருத்துவரோடு கலந்து தம் தொழிலும் வலியும் நோக்கி எடுக்கவேண்டிய முடிவு. அறுவைக்குப் பின்னும் இயன்முறைப் பயிற்சி தேவையே.

உடனிருப்போர்

நான்காம் கூறாகிய உடனிருப்போரின் கடமை இந்நோயில் சற்று மாறுபட்டது. பிற நோய்களில் நோயாளியை ஓய்வாக இருக்கச் செய்வதே அன்பு. இந்நோயில் அவரை அளவோடு நடக்கச் செய்வதே அன்பு. தண்ணீரும் உணவும் படுக்கைக்கே கொண்டுவந்து தந்து, அசையாதே அசையாதே என்று அச்சுறுத்துவது அவர் தசையையும் உறுதியையும் ஒருங்கே தளரச் செய்யும். அச்சம் மிகுந்தவர்க்கு வலி நீடிக்கிறது என்பதை மருத்துவ உலகம் நன்கறியும். "இன்று கோயில் வரை நடந்து வருவோம், வாருங்கள்" என்று உடன் நடக்கும் மனைவியோ மகனோ பாதி மருத்துவர்.

இல்லத்துப் பழக்கங்களும் சில மாற வேண்டும். இரவு முழுதும் படுத்திருப்பதால் வட்டு நீர் உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் மனிதன் சற்று உயரமாக இருப்பதும் அதனாலேதான். அவ்வேளையில் குனிவது வட்டினை மிகுதியாக வருத்தும். எழுந்தவுடன் வாசலில் குனிந்து கோலம் இடும் தாய்மார்கள், வலியுள்ள நாட்களில் அதனைச் சிறிது நேரம் கழித்தோ, தாழ்ந்த முக்காலியில் அமர்ந்தோ செய்தல் நன்று. அல்லது மகளிடம் கோலப்பொடியைக் கொடுத்துவிடலாம். நிறைந்த சமையல் எரிவாயு உருளை ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். அதனைத் தூக்காது உருட்டிச் செல்வதும் இருவர் சேர்ந்து நகர்த்துவதும் அறிவுடைமை. கோயிலில் ஐந்தங்கம் தோய வணங்கும் பழக்கம் உடையோர், நலமாகும் வரை நின்றபடியே கைகூப்பி வணங்கலாம். தரையில் நெடுநேரம் அமர்ந்து தியானம் செய்வோர் உயர்ந்த இருக்கையில் அமரலாம். வணக்கம் உள்ளத்தில் நிகழ்வது. அதற்கு இடுப்பு தடையாகாது.

கடையிலும் அவ்வாறே. சுவீடன் நாட்டு மருத்துவர் நாக்கெம்சன் வட்டினுள் மெல்லிய ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 100 எனக் கொண்டால், மல்லாந்து கிடக்கையில் 25, முன்குனிந்து அமர்கையில் 185 என்று கண்டார். பின்வந்தோர் இவ்வெண்கள் சிலவற்றைத் திருத்தினர். ஆயினும் முன்குனிதல் அழுத்தத்தைக் கூட்டும் என்பது நிலைபெற்ற உண்மை. ஆதலின் கல்லாவில் அமர்வோர் முதுகிற்கு ஓர் அணை வைத்துக்கொள்வதும், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நான்கடி நடப்பதும் வேண்டும். இருசக்கர வண்டியில் மேடுபள்ளச் சாலையில் செல்வதையும் வலியுள்ள நாட்களில் குறைக்க வேண்டும்.

முதலாளியாக இருப்போரின் கடமை இதனினும் பெரிது. நாள் முழுதும் நின்றே பணிபுரியும் கடை ஊழியர்க்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பெற்றது. இருக்கையும் வேண்டும், இடையிடையே எழும் உரிமையும் வேண்டும். மாறி மாறி நிற்பதும் அமர்வதுமே முதுகிற்கு நலம். தீங்கு விளைக்கும் அளவு கனமான சுமையைத் தூக்கச் செய்யலாகாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் கூறியது. வயது வந்த ஆண் ஒருவர் சுமக்கும் சுமை 55 கிலோவைக் கடவாதிருக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. ஒரு காலத்தில் 75 கிலோ, 100 கிலோ மூட்டைகளை ஏற்றி இறக்கிய முதுகுகள் எத்தனை! சிறு மூட்டையாகத் தருவித்தல், தள்ளுவண்டி வாங்கி வைத்தல், இருவர் சேர்ந்து தூக்கச் செய்தல் ஆகியவற்றிற்குச் செலவு சிறிது.

சுமை தூக்குவோர்க்கும் சில சொல்லலாம். சுமையின் அருகே கால்களை அகற்றி நின்று, முழங்கால்களை மடக்கி, சுமையை உடலோடு ஒட்டித் தூக்க வேண்டும். சுமையோடு இடுப்பைத் திருப்பாது, பாதங்களை எடுத்து வைத்து முழு உடலையும் திருப்ப வேண்டும். இவையெல்லாம் அவர்கள் பட்டறிவால் அறிந்தவையே. அறிந்ததைச் செய்ய விடாது துரத்துவது, 'சீக்கிரம் இறக்கு' என்னும் நம்முடைய அவசரம்.

கல்லாவில் இருப்பவர்க்கு ஜவ்வு விலகினால் படமெடுக்கவும் பயிற்சி பெறவும் வழியுண்டு. ஒரு திங்கள் கடையை மகனிடம் விடவும் இயலும். மூட்டை சுமப்பவர்க்கு ஒருநாள் ஓய்வென்பது ஒருநாள் உணவு. நோய் ஒன்றே, நோயைத் தாங்கும் வலிமை ஒன்றன்று. தம்மிடம் பணிபுரியும் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவாராயின், அவரை வேறு இலகுவான வேலைக்கு மாற்றி, கூலி குறையாது சில வாரம் காத்து, இயன்முறை மருத்துவரிடம் அனுப்புவதும் அறமே. உண்மையில் அதுவே உடனிருந்து பேணுதல்.

தொகுத்துக் கூறின், ஜவ்வு விலகல் அஞ்சத்தக்க முடிவன்று. புறக்கணிக்கத்தக்க சிறுமையும் அன்று. அபாய அறிகுறிகளை அறிந்து அன்றே செல்லுதல், அவை இல்லாதபோது அச்சம் தவிர்த்து எழுந்து நடத்தல், தகுந்தவரிடம் பயிற்சி கற்றல், வலி நீங்கிய பின்னும் அதனை விடாது தொடர்தல் என்னும் நான்கும் போதும். மருந்துக் கடையில் கிடைக்காத இம்மருந்தை நோயுற்றவரே நாள்தோறும் தம் உடலால் செய்துகொள்ள வேண்டும். செய்வதற்கு நேரமும் ஊக்கமும் இடமும் தருவதே சுற்றத்தாரின் பங்கு.

இவ்விழா முடிந்து இல்லம் திரும்புவோர், நெடுநேரம் அமர்ந்து கேட்ட களைப்புத் தீர, சிறிது தொலைவேனும் நடந்து செல்வார்களாக.